தலைக்கு ஊற்றிய தண்ணீர்

தஞ்சாவூர் விடுதியில் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்து, ஒன்றாக நர்ஸ் வேலை படித்து, இப்போது ஒன்றாகவே முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜனவரி முதல் தேதி நீங்கள் அனுப்பும் வாழ்த்துகளுக்கெல்லாம் உடனே பதில் போடுகிற நான், சித்திரை முதல் தேதி மட்டும் ஃபோனைத் தொடுவதே இல்லை என்று உங்களில் ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள். வேதக்காரி என்பதால் தமிழ் வருஷப் பிறப்பு ஆகாதோ என்று இன்னொருத்தி கேட்டாளாம். அதெல்லாம் இல்லை. நீங்கள் யாரும் என்னை அறிவதற்கு முன்னால், எனக்குப் பத்து வயதில், ஒரு சித்திரை முதல் தேதியில் நான் ஒரு காரியம் செய்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தும் உங்களிடம் அதைச் சொல்லவில்லை. போன ஆடி மாதம் அது என் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

நாங்கள் அப்போது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஒரு மிராசுதார் தம் பெரிய வீட்டின் பக்கத்துப் பகுதியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்தத் தெருவில் வேதக்காரர்கள் நாங்கள் ஒரு குடும்பம்தான். அம்மா அதை ஒரு நாளும் மறந்ததில்லை. சத்தமாகப் பாட மாட்டாள். வாசலில் யாராவது நின்றால் சமையலறைக் கதவைச் சாத்திவிடுவாள்.

அந்த வருஷம் ஜனவரியில் வழக்கம்போல மூன்று பேரும் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் சர்ச்சுக்குப் போனோம். வழிபாடு முடிந்ததும் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு. எனக்கு நாவை அடக்குவது பற்றி ஏதோ வந்தது. அம்மாவுக்கு ஆசீர்வாதமாக ஒன்று வந்தது. பஸ்ஸில் அம்மா அசந்த நேரம் பார்த்து இரண்டையும் மாற்றிக்கொண்டேன். வீட்டில் அச்சு முறுக்கும், தணலை மேலேயும் கீழேயும் போட்டு அம்மா சுட்ட ரவை கேக்கும் இருந்தன. மறுநாள் ஒரு டப்பாவில் கேக்கைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். புதுக் கவுன், கேக் டப்பா. அன்று முழுக்க வகுப்பில் நான்தான் ராணி.

அந்த ராணிப் பட்டத்துக்குப் போட்டியாக ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

மிராசுதார் வீட்டின் பின்கட்டில், கிணற்றுக்கு அந்தப் பக்கம், பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பியிருந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. அங்கே ஆட்சி மாறி, நம் ஆட்களை எல்லாம் போகச் சொல்லிவிட்டார்கள். கப்பல் ஏறும் இடத்தில் காதில் கழுத்தில் கிடந்ததைக்கூடக் கழற்றிக்கொண்டு விட்டார்களாம். அந்த அம்மாவை நான் பர்மா அத்தை என்று கூப்பிடுவேன். இருபத்தெட்டு, முப்பது வயதுதான் இருக்கும். அவர் கணவரை மாமா என்பேன். மாமாவுக்குக் கூத்தாநல்லூரில் ஒரு பாயின் மரவாடியில் வேலை. வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். அவர்களுக்கு ஒரே பெண். என் வயது, என் வகுப்பு. அவள்தான் என் தோழி.

பங்குனியில் ஒரு நாள் எங்கள் டீச்சர், அவரவர் வீட்டில் வருஷம் பிறப்பதை எப்படிக் கொண்டாடுவீர்கள் என்று ஒவ்வொருவரையாக எழுப்பிக் கேட்டார். வேப்பம்பூப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி, பஞ்சாங்கம் படிப்பது என்று பிள்ளைகள் சொன்னார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நல்லேர் பூட்டுவதைச் சொன்னார்கள். வருஷத்தின் முதல் உழவு அது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் வைத்து, நல்ல நேரத்தில் வயலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார்கள். நான் கேக்கையும் அட்டையையும் சொன்னேன். ஜனவரியிலேயே கேட்ட கதை என்பதால் யாருக்கும் சுவாரசியப்படவில்லை.

பிறகு என் தோழி எழுந்தாள்.

"எங்க ஊர்ல நாலு நாள் தண்ணி ஊத்துவோம் டீச்சர். ரோட்ல யார் போனாலும் ஊத்தலாம். போலீஸ்காரர் மேலகூட ஊத்தலாம். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. போன வருஷத்துப் பாவமெல்லாம் தண்ணியோட போயிடும்."

"பெரியவங்க மேலயுமா?" என்றார் டீச்சர்.

"பெரியவங்கன்னா கேட்டுட்டு, கைல கொஞ்சமா ஊத்தணும். கிண்ணத்துல சந்தனம் மாதிரி ஒண்ணு கரைச்சு, மஞ்சப் பூ போட்டு. திஞ்சான்னு பேரு."

வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. டீச்சர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு இன்னும் கேட்டார். நான் என் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

அந்த மாதங்களில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று டெல்டாவில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை கடைசியில் மேட்டூரை மூடிவிட்டால் ஆனி வரை ஆற்றில் மணல்தான். வெண்ணாற்றில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். எங்கள் கிணற்றில் கயிறு முழுவதும் இறங்கினால்தான் வாளி நனையும். ஒரு வீட்டுக்குக் காலையில் இரண்டு குடம் என்று மிராசுதார் சொல்லியிருந்தார். அந்த இரண்டு குடத்தில் பர்மா அத்தை தினமும் ஒரு சொம்பு மிச்சம் பிடித்து, பின்கட்டு மூலையில் ஒரு பானையில் சேர்த்துக்கொண்டு வந்தார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள். "இங்க முகம் அலம்பத் தண்ணி இல்ல. அவங்க ஊத்தி விளையாடச் சேர்த்து வைக்கிறாங்க."

"அவங்க பங்குலேர்ந்துதானே சேர்க்கிறாங்க," என்றார் அப்பா. "விடு."

பரீட்சை முடிந்து விடுமுறை விட்டார்கள். சித்திரைக்கு இரண்டு நாள் முன்னால் மாமா வந்தபோது, எங்கள் இரண்டு பேரையும் கூத்தாநல்லூருக்கு அழைத்துக்கொண்டு போனார். பாய் வீடு எனக்கு அரண்மனை மாதிரி இருந்தது. பாயும் ரங்கூனில் பெரிய மரவாடி வைத்திருந்து, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்தான். கூடத்தில் ஆள் உயரத் தேக்கு அலமாரி ஒன்று நின்றது. அந்த மரத்தின் எண்ணெய் வாசனை வீடு முழுக்க இருந்தது. பாயின் மனைவி எங்களுக்கு ஏலக்காய் போட்ட பால் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு இப்பதாம்மா வருஷம் பொறந்திருக்கு," என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். தோரணம் இல்லை, பலகாரம் இல்லை, புதுத்துணி இல்லை.

"ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லைம்மா. எங்களுக்குப் பெருநாள் வேற. இந்த மாசம் பத்தாம் நாள் நோன்பு வைப்போம். வருஷத்தை அமைதியாத்தான் ஆரம்பிப்போம்."

சாப்பிடாமல் ஒரு வருஷத்தைத் தொடங்க முடியும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே கேட்டேன். மாமா சிரித்துக்கொண்டே, "ரங்கூன்ல ஒரே தெருவுல எல்லா வருஷமும் பொறக்கும். சீனாக்காரன் வருஷம் பிப்ரவரில வெடி வெடிச்சுப் பொறக்கும். எல்லார் வீட்டுப் பலகாரமும் எல்லார் வீட்டுக்கும் போகும்," என்றார்.

மறுநாள் சாயங்காலம் பர்மா அத்தை அவர்கள் ஊர்ப் பலகாரம் செய்தார். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை உருட்டி, உள்ளே வெல்லக் கட்டி வைத்து, கொதிக்கிற தண்ணீரில் போடுவார். உருண்டைகள் முதலில் மூழ்கிக் கிடக்கும். வெந்ததும் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும். அதை எடுத்துத் தேங்காய்ப் பூவில் புரட்டிக் கொடுப்பார். நான் நான்கு தின்றேன். ஐந்தாவதைக் கடித்ததும் நாக்கில் நெருப்புப் பட்டது. வெல்லத்துக்குப் பதில் அதில் பச்சை மிளகாய் இருந்தது. அத்தை, மாமா, தோழி மூன்று பேரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"ஒண்ணுல மட்டும் வைப்போம். யாருக்கு வருதோ அவங்க மாட்டிக்கிட்டாங்க," என்றாள் தோழி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு.

அது அவர்கள் ஊர் விளையாட்டு. அத்தை உடனே சர்க்கரை கொடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

மறுநாள் சித்திரை ஒன்று.

இங்கே மிராசுதாரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அப்போது அவரை ஒரு கடுவன் பூனை என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். சிரிக்க மாட்டார், கிணற்றடியில் சத்தம் போடக் கூடாது என்பார். முந்தைய வருஷம் அவருடைய மூத்த மகன், இருபத்தைந்து வயதுப் பிள்ளை, காய்ச்சலில் இறந்திருந்தான். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் பண்டிகை இல்லை. மகனுக்குத் தலைத்திவசம் கொடுத்து முடித்தபின் வந்த முதல் நல்ல நாள் அந்தச் சித்திரை ஒன்று. போன வருஷம் பூட்டாத நல்லேரை அன்று அவர் பூட்டப் போகிறார். இதெல்லாம் பெரியவர்கள் பேசும்போது என் காதிலும் விழுந்ததுதான். விழுந்தது, உள்ளே போகவில்லை.

காலையில் நான் பின்கட்டுக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை. மாமா விடியற்காலையிலேயே மரவாடிக்குத் திரும்பிவிட்டார். தோழி கொல்லைக் கடைசியில் கொன்றை மரத்தடியில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பர்மாவில் அந்தத் திருநாளுக்கு வேறொரு மஞ்சள் பூ உண்டாம். இங்கே அது கிடைக்காததால் கொன்றை என்று முடிவு செய்திருந்தார்கள். பானைக்குப் பக்கத்தில், கிணற்றுத் திட்டில், அந்தக் கிண்ணம் இருந்தது. மூங்கிலை மெல்லிசாகச் சீவிப் பின்னி, அரக்குப் பூசியது. கறுப்பின் மேல் சிவப்பில் நெளிநெளியாகக் கொடி. கப்பலில் அவர்களோடு வந்த சில பொருள்களில் ஒன்று. அதில் தண்ணீர் தளும்ப நின்றது. தனகா என்று ஒரு மரப்பட்டையை இழைத்துக் கரைத்திருந்தார்கள். மேலே நாலைந்து கொன்றைப் பூ மிதந்தது. அதன் மணம் சந்தனமும் இல்லை, வேறொன்றும் இல்லை. இன்று வரை அதற்கு எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

கிண்ணத்தை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். யார் மேலாவது ஊற்றிப் பார்க்கிற ஆசை பாதி. அவர்களுக்கு முன்னால் நான் ஊற்றிவிட வேண்டும் என்ற வீம்பு பாதி. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டை ஒட்டிய சந்து வழியாக வாசலுக்கு வந்தேன்.

பண்ணையாட்கள் மாட்டை முன்னால் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மிராசுதார் அப்போதுதான் படியிறங்கினார். புது வேட்டி. கையில் தாம்பாளம். அதில் விதை நெல், வெல்லம் கலந்த அரிசி, தேங்காய், புதுப் பஞ்சாங்கம். கிழக்கே பார்த்து நின்று கண்ணை மூடினார். வாசலில் ஒரு கருங்கல் திட்டு இருந்தது. நான் அவருக்குப் பின்னால் அதன் மேல் ஏறி, கிண்ணத்தில் இருந்ததை முழுக்க அவர் தலையில் கொட்டினேன்.

கேட்கவில்லை. கையில் ஊற்றவில்லை. தலையில் கொட்டினேன்.

அவர் கத்தவில்லை. "ஹா" என்று மூச்சு மட்டும் உள்ளே போன சத்தம் கேட்டது. என் கையிலிருந்து கிண்ணம் நழுவியது. மூங்கில் கிண்ணம் என்பதால் விழுந்த சத்தம்கூட வரவில்லை. அவர் திரும்புவதற்குள் நான் சந்துக்குள் ஓடிவிட்டேன். என் பாவாடையின் பின்பக்கத்தை மட்டும் அவர் பார்த்திருப்பார்.

எங்கள் பகுதிக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் நின்றேன். சிறிது நேரத்தில் கிணற்றடியில் பேச்சுக் கேட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மிராசுதார் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். தோளில் ஒரு கொன்றை இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. வேட்டியில் மஞ்சள் கறை. நனைந்து உப்பிய பஞ்சாங்கம் ஒரு கையில், அரக்குக் கிண்ணம் ஒரு கையில்.

"இது யாருது?" என்றார்.

பர்மா அத்தை சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"எங்களுதுங்க ஐயா."

"ஒரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தாம்மா ஏர் பூட்டக் கிளம்பினேன். என் தலைக்குத் தண்ணி ஊத்திட்டீங்களே. போன வருஷம் எம் புள்ளையைக் கிடத்தி, கடைசியாத் தலைக்கு ஊத்தினேன். இந்த வருஷம் எனக்கா?"

அவர் குரல் உயரவே இல்லை. பஞ்சாங்கத்தை மார்போடு இறுக்கிக்கொண்டார், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிற்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாக்களை எத்தனையோ பேரைப் பார்த்த பிறகுதான், அன்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது கோபம் இல்லை, பயம் என்று தெரிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் தோழி மடி நிறையப் பூவோடு கொல்லையிலிருந்து வந்தாள்.

அத்தை அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் சும்மா நின்றார். பிறகு போய்க் கன்னத்தில் அறைந்தார். பூ எல்லாம் கீழே கொட்டியது. அடுப்புக்கு வைத்திருந்த சுள்ளி ஒன்றை எடுத்துக் காலில் அடித்தார்.

"நான் இல்லம்மா," என்று அவள் கத்தினாள். "நான் இல்லம்மா. அம்மா, நான் இல்லம்மா."

அதைத் தவிர அவள் வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை அடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் மிராசுதாரே, "போதும்மா, விடு, புள்ளைய அடிக்காத," என்றார். சற்று நின்று, "அடுத்த வாரத்துக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க. எனக்கு இனிமே இங்க உங்களைப் பார்க்க முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல நேரம் தாண்டிப் போயிருந்தது. மாடுகள் ஏர் பூட்டாமலே திரும்பி வந்தன.

அம்மா எனக்குப் பின்னால் நிற்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"எங்க போயிருந்தே?"

"எங்கயும் இல்லம்மா."

அம்மா என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். முன்பக்கம் நனைந்திருந்தது. என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு வேறு பாவாடை எடுத்துக் கொடுத்து, நனைந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள்.

"அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே," என்றாள். "அவங்க போறவங்க. நாம இங்க இருக்கணும்."

அப்பா மத்தியானம் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குழந்தை விளையாட்டா செஞ்சதுக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்றதா? நான் ஐயாகிட்ட பேசறேன்," என்று சட்டையை மாட்டினார். "பிள்ளை செத்த மனுஷன். அவர்கிட்ட போய் நியாயம் பேசப் போறீங்களா?" என்று அம்மா தடுத்துவிட்டாள். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார்.

அன்று சாயங்காலம் பின்கட்டிலிருந்து ஒரு வித்தியாசமான புகை வந்தது. எண்ணெயும் கோந்தும் சேர்ந்து கருகும் வாசனை. பர்மா அத்தை அந்தக் கிண்ணத்தை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார் என்று மறுநாள் தெரிந்தது. சேர்த்து வைத்திருந்த பானைத் தண்ணீரைக் கொண்டுபோய் மிராசுதார் வீட்டு மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டாராம்.

ஐந்தாம் நாள் மாமா ஒரு மாட்டு வண்டியோடு வந்தார். பாய் கூத்தாநல்லூரில் இடம் கொடுத்திருந்தார். வண்டி ஏறுகிற நேரத்தில் அம்மா ஒரு தூக்கில் புளிச்சாதம் கட்டி, என்னிடம் கொடுத்து அனுப்பினாள். தோழி வண்டியின் பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலில் சுள்ளித் தடம் கறுத்திருந்தது. அந்தத் தடத்துக்கு நேராகத் தூக்கை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

அந்த வருஷம் ஆற்றில் நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. சம்பா நன்றாக விளைந்தது. பொங்கலுக்கு மிராசுதார் வீட்டிலிருந்து எங்களுக்குக் கரும்பும் ஒரு மரக்கால் புது அரிசியும் வந்தன. பின்கட்டில் வைக்கோலும் உமி மூட்டையும் அடுக்கினார்கள். பர்மாக்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் கூத்தாநல்லூரையும் விட்டு, பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் வடசென்னைப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மா இறக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு முறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

போன ஆடியில் ஒரு ஃபோன் வந்தது. "கம்பவுண்டர் பொண்ணுதானே?" என்றது ஒரு குரல். என் தோழி. பேரன் தஞ்சாவூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான். அவனைக் கொண்டுவந்து விடுவதற்கு வந்தவள், பழைய ஊருக்கும் போய் விசாரித்து, யார் யாரையோ பிடித்து என் எண்ணை வாங்கியிருக்கிறாள். மறுநாள் காலை பத்து மணிக்குத் தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

பர்மா அத்தைக்கு எண்பத்தாறு, எண்பத்தேழு வயது. உடம்பு சிறுத்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போவதைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தில் இருந்தார். தோழி நிறையப் பேசினாள். மாமா இருபது வருஷம் முன்னால் போய்விட்டார். இவள் தையல் கடை வைத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறாள். நான் இட்லியும் வடகறியும் செய்திருந்தேன். சிரித்துப் பேசிச் சாப்பிட்டோம். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு மிராசுதார் மேல தண்ணி ஊத்தினது நான்தான்."

தோழி என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள்.

"தெரியும்டி. நீ புளிச்சாதம் கொண்டாந்து கொடுத்தப்பவே தெரியும். நிமிர்ந்தே பார்க்கல நீ. போகட்டும், பத்து வயசு. அந்த ஊர்ல எங்க வீட்டுக்குள்ள வந்து சாப்பிட்டவ நீ ஒருத்திதான். அதனால யார்கிட்டயும் சொல்லல."

அறுபது வருஷமாக நெஞ்சில் கிடந்தது அவ்வளவு சுலபமாக இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வேடிக்கை சொல்வதுபோல, "எனக்கு உன் மேல வருத்தமே இல்ல. அம்மா மேலதான். நான் இல்ல, நான் இல்லன்னு எத்தனை தடவ சொன்னேன். அம்மா நம்பவே இல்ல பாரு," என்றாள்.

பர்மா அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"நம்பாம என்ன. நான்தான் ஜன்னல் வழியா பார்த்தேனே. இந்தப் பொண்ணு கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போனதை. விளையாடட்டும்னு விட்டுட்டேன்."

தோழி என் கையை விட்டாள்.

"நீ பார்த்தியா? அப்புறம் ஏம்மா என்னை அடிச்சே?"

"நம்ம புள்ளைன்னா அடிச்சு முடிச்சிடலாம். அடுத்த வீட்டுப் புள்ளையை எப்படிக் காட்டிக் குடுக்கிறது? உனக்கு ஜொரம் வந்து கிடந்தப்ப இவங்க அப்பாதான் ராத்திரி பகல் பார்க்காம வந்து மருந்து குடுத்தாரு. நான் உன்னை நல்லா அடிச்சா, அந்தப் பெரியவர் மனசு எறங்கி வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன். நெனச்சது நடக்கல."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது என்றோ முடிந்த கணக்கு. ஒருவேளை தன் மகளுக்கும் அது தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கலாம்.

தோழி எழுந்து வாசலுக்குப் போனாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. எழுபதை நெருங்கும் ஒரு பெண்ணின் முதுகு அது. எனக்குப் பத்து வயதுப் பிள்ளை நிற்பதுபோல இருந்தது.

"கோவிச்சுக்கிட்டாளா?" என்று அத்தை என்னிடம் கேட்டார்.

"இல்ல அத்தை. ஆட்டோ வருதான்னு பார்க்கிறா," என்றேன்.

ஆட்டோ வந்தது. தோழி உள்ளே வந்து, அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கி, குனிந்து செருப்பை மாட்டிவிட்டு, ஏற்றி உட்கார வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம், "வரேன்டி," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் கழித்து நான் ஃபோன் செய்தேன். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க. சாப்பிடறாங்க, தூங்கறாங்க. நான்தான் பேசல. பேச வாய் வரமாட்டேங்குது. அவங்க நம்பலேன்னு நெனச்சுக்கிட்டிருந்த வரைக்கும் எனக்கு இவ்வளவு சங்கடமில்ல. தெரியாம அடிச்சாங்கன்னு இருந்தேன்." அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்டி."

"ஆமாம்," என்றேன்.